மாதிரிக்குப் போட்ட எண்

ஆபீஸில் அவளுக்குக் கமா அக்கா என்றுதான் பெயர். ஒரு கமா இடம் மாறிவிட்டால் போதும், எழுதினவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்தாமல் விடமாட்டாள். அப்பா வழியில் மூன்று அத்தைகள், அம்மா வழியில் இரண்டு மாமாக்கள் என்று சொந்தத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் அம்மா போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது தம்பி ஒருவன்தான். மூத்த அத்தை வீட்டு மாடியறையில் அவளே தலை துவட்டி, பாடம் சொல்லிக்கொடுத்து ஆளாக்கின பிள்ளை. மீன் வைக்கும் குளிர்கிடங்கில் மெஷின் ரூம் அவன் பொறுப்பு. மாமா பிள்ளைகள் அவனை ஐஸ்காரன் என்பார்கள்.

கமா அக்கா வேலை பார்த்தது, ஊர்ப்பட்ட கிடங்குகளின் மீட்டர்களைத் தூரத்திலிருந்தே கவனிக்கும் ஒரு கம்பெனியில். முன்பெல்லாம் ஒரு கூடம் நிறைய ஆட்கள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏஐ ஏஜென்ட்டுகளை, அதாவது தானே வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் புரோகிராம்களை, வைத்தார்கள். இந்த ஏஜென்ட்டுக்குக் கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. ஒரு கருவி வழியாகக் கேள்வி கேட்கும்: எந்தக் கிடங்கு, எந்த மீட்டர், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை. பதிலாக ஒரு எண் வரும். அதை வைத்து நல்லது கெட்டது சொல்லும். அந்தக் கருவியை எப்படிக் கையாள வேண்டும் என்று ஏஜென்ட்டுக்கே விளக்கம் எழுதித் தருவதுதான் கமா அக்காவின் வேலை.

"மனுஷங்களுக்கு எழுதினப்ப ஒருத்தனும் படிக்கல. இதாவது ஒரு வரி விடாம படிக்குது," என்று சொல்லிச் சிரிப்பாள்.

அதில்தான் வந்தது வினை.

விளக்கம் என்றால் ஒரு மாதிரி வேண்டும். ஆசைக்குத் தம்பியின் மெஷின் ரூமையே போட்டாள். கிடங்கைக் குளிரவைக்கும் அம்மோனியா வாயுவின் பிரஷர் 12.4, எல்லாம் சரி என்று பதிலையும் தானே எழுதினாள். எண் சும்மா மனதில் வந்தது. மீட்டரிலிருந்து பதிலே வராவிட்டால் ஏஜென்ட் என்ன செய்ய வேண்டும் என்று மேலாளரிடம் கேட்கத்தான் செய்தாள்.

"அதெல்லாம் வராம இருக்காதுக்கா. மொதல்ல பக்கத்த முடிச்சு அனுப்புங்க."

அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நாள் போயிருக்கும். காலைக் கூட்டத்தில் மேலாளர் அறிக்கைகளைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார். மீன்கிடங்கு மெஷின் ரூம்: 12.4, எல்லாம் சரி. கமா அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. குருட்டாம்போக்கில் போட்டது பலித்துவிட்டதே! நேற்றைய அறிக்கையைக் காட்டச் சொன்னாள். 12.4. முந்தாநாளும் அதே. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"இது மீட்டர் சொன்னதில்ல. நான் சொன்னது."

"என்னக்கா உளர்றீங்க?"

"மாதிரிக்கு நான் போட்ட எண்ணுப்பா. மீட்டர்லேந்து பதில் வரலைன்னா நான் எழுதின பக்கத்தப் பாத்து அப்படியே எழுதிடுது."

"எறங்காம ஏறாம இருக்குன்னு சந்தோஷப்படுங்க. புகார் போட்டு வைங்க, வரிசையில பாப்பாங்க."

வரிசையாவது, ஒன்றாவது! வராந்தாவுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"என்ன கமா, காலங்காத்தால? முற்றுப்புள்ளி ஏதும் தொலஞ்சு போச்சா?"

"வெளயாடாதடா. உன் பிரஷர் மீட்டரு ஓடுதா?"

"அத ஏன் கேக்கற. சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கறேன்னு வயரப் புடுங்கிப் போட்டுட்டானுங்க. மேல சொன்னேன். அறிக்கையில எல்லாம் சரின்னுதான வருது, மெதுவா மாட்டிக்கலாம்னுட்டாங்க."

"குழாய்ல முள்ளு மீட்டரு ஒண்ணு இருக்குமே, அதப் போய்ப் பாரு."

"அது அந்தக் கோடியில கெடக்கு."

"போடான்னா!"

செருப்புச் சத்தம் கேட்டது. மெஷினின் இரைச்சல் நெருங்கி வந்தது.

"அக்கா." பயந்தால்தான் அவன் வாயில் அக்கா வரும். "முள்ளு செவப்புக் கோட்டத் தாண்டி நிக்குது. கண்ணு எரியுது."

"வெளிய வந்துடு. அப்படியே வா."

"உள்ள ரெண்டு பேரு பெட்டி அடுக்கிட்டிருக்காங்க."

"தம்பி, வேண்டாம்டா..."

இரும்புக் கதவு இடிபட்டது. யாரோ கத்தினார்கள். அதன் மேலே வாயு பீறிடும் சீறல் கிளம்பியது, மூச்சே வாங்காத சீறல். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமோ.

"வந்துட்டோம்க்கா," என்றான், இருமலுக்கு நடுவே. "மூணு பேரும்." பிறகு இருமல் மட்டும்தான்.

உள்ளே வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே மேலாளர் எழுந்துவிட்டார். அவள் உட்கார்ந்து, அந்த மாதிரியை அழித்தாள். பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

"இங்க அழிச்சா பத்தாதுக்கா," என்றார் அவர். குரலே இறங்கிப்போயிருந்தது. "நீங்க எழுதின பக்கம் எல்லாக் கிடங்கு ஏஜென்ட்டுக்கும் போயாச்சு. அதது அங்கங்க காப்பி எடுத்து வச்சிருக்கும்."

"வேற எங்கெல்லாம் அதே எண் வருதுன்னு தேடுங்க."

தேடினார். திரையில் கிடங்குகளின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ஓட்டம் நிற்கவில்லை. அவர் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பாத்துட்டு நிக்காதீங்க. மொதல் கிடங்கோட போன் நம்பரச் சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல, அவள் மேசைப் போனில் அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். யாரும் எடுக்கவில்லை; திரையில் அந்தக் கிடங்குக்கு நேரே இன்னும் 12.4, எல்லாம் சரி என்றே நின்றது.