கேப்டன் ஹாலியின் இடுப்பளவு

ரோசில்டா கோவேன் அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்து ஆலையொன்றில் பெண்களுக்கான இடுப்புக்கச்சை தைத்துக்கொண்டிருந்தாள். விமானப்படைக்கு அழுத்த உடை தைக்கும் வேலை வந்தபோது, உடம்பை இறுக்கிப் பிடிக்கத் தைக்கத் தெரிந்தவள் என்று அவளையும் மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்கள். அறுபதாயிரம் அடி உயரத்தில் விமானத்துக்குள் காற்று போய்விட்டால் அந்த உடைதான் ஆளைக் காப்பாற்றும். கை, கால், முதுகு எங்கும் கயிறு கோத்து இறுக்க வேண்டும். ஓரிடம் தளர்ந்தாலும் அங்கே உடம்பு வீங்கிவிடும்.

எண்பது வயதிலும் அந்த மாடி அவள் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஜன்னலில் பனி உறைந்திருக்கும். அறையைச் சூடாக்கும் வெந்நீர்க்குழாய்மேல் வைத்த பட்டாணி சூப் மணக்கும். கனடாவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் நாற்பது பெண்கள் பிரெஞ்சில் வம்பளந்தபடி தைத்துக்கொண்டிருப்பார்கள். அளவு கொடுக்க வரும் விமானிகள் உள்ளாடையோடு, வெட்கத்தில் காது சிவக்க நிற்பார்கள்.

டெக்சாஸ்காரன் கேப்டன் வெண்டல் ஹாலி மட்டும் வாயாடி. "எங்கம்மாகூட என்னை இவ்வளவு இறுக்கிப் பிடிச்சதில்ல மேடம்" என்பான்.

1956 மார்ச்சில், சோதனைப் பறத்தலுக்கு முன்பு உடையைச் சரிபார்க்க வந்தான். கயிறுகளையெல்லாம் இழுத்த பிறகும் இடுப்பில் அவளுடைய நான்கு விரல்கள் நுழைந்தன.

"என்ன கேப்டன், பாதி ஆளைக் காணோம்?"

"சாப்பாடு பிடிக்கல. கொஞ்சம் பிடிச்சுத் தச்சிடுங்க மேடம். டாக்டர் காதுக்குப் போக வேணாம். போச்சுன்னா என்னைத் தரையிலயே உட்கார வச்சிடுவாங்க."

"கை நடுங்குதே, எப்போலேர்ந்து?"

அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

பிடித்துத் தைக்க ஒரு மணி நேரம் போதும். அவளுக்குத்தான் ஊசி எடுக்க மனம் வரவில்லை. அவன் போனதும் கீழே இறங்கி விமானத்தள டாக்டருக்குப் போன் செய்தாள்.

பரிசோதித்ததில் தைராய்டு கோளாறு என்று தெரிந்தது. அவனுக்குப் பதிலாக வேறொருவன் பறந்தான். மறுவாரம் வெண்டல் போனில் கத்தினான்: "உங்களை நம்பித்தானே சொன்னேன்!" அவள் போனை வைத்தாள். கழிப்பறைக்குள் போய் அழுதாள். தோழிகளிடம்கூடச் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை, மருந்து என்று ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு காலையில் அவன் மூச்சு வாங்கப் படியேறி வந்து, அவள் மேசைக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றான்.

"புதுசா அளவெடுங்க மேடம். இருபது பவுண்டு ஏறியிருக்கேன்."

"இன்னும் கோபமா?"

"இருக்கு. ஆனா வேற யாருக்கும் அளவு கொடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அதன்பின் ஆறு வருஷம் அவன் உயரப் பறந்தான். அத்தனை உடைகளும் அவள் தைத்தவை. பிறகு விண்வெளிப் பயிற்சிக்கான உடைகளும் அந்த மாடிக்கு வந்தன. பெரிய பெரிய ஆட்களெல்லாம் வந்து கைகுலுக்கினார்கள். அவர்கள் முகம் எதுவும் இப்போது அவளுக்கு ஞாபகமில்லை. கேப்டன் ஹாலியின் இடுப்பளவு மட்டும் இருக்கிறது.