முதுகில் பட்ட கோல்

என் அக்கா போட்ட முதல் கோலை அவளே பார்க்கவில்லை. அப்பாவும் நானும் பார்த்தோம். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பார்த்தது ஒரே கோல்தானா என்ற சந்தேகம் எனக்கு வெகுநாள் இருந்தது.

அக்கா அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் பெண்கள் கால்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டில் தறிகளுக்கும் மனிதர்களுக்கும் பெரியப்பாதான் தலைவர். கெட்டவர் இல்லை, எங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் ஆட்டோ பிடிக்க ஓடுபவர் அவர்தான். ஆனால் அக்காவின் ஆட்டம் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "வயசுக்கு வந்த பொண்ணு நிஜார் போட்டுக்கினு ஊர் ஊரா ஓடறது நல்லாவா இருக்குது?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்பார். ஒரு நாள் அப்பா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "வாலாஜாபாத் மேட்ச் மட்டும் ஆடட்டும்ணா. உருப்படியா ஆடலன்னா நானே நிறுத்திடறேன்." அக்கா பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டாள்.

அந்த ஆட்டத்தைப் பார்க்க அப்பா என்னையும் பஸ்ஸில் அழைத்துப்போனார். எதிர் அணிப் பெண்கள் ஒவ்வொருவரும் எங்கள் பெண்களைவிட ஒரு தலை உயரம். பந்து எங்கள் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மறுபடியும் பட்டுத் திரும்பியது. ஒருமுறை எங்கள் கோல்கீப்பர் சேற்றில் வழுக்கி விழ, விழுந்தவள் காலில் மோதிப் பந்து வெளியே போனது. அப்பா ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று கைதட்டினார்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். அதிசயமாகப் பந்து அந்தப் பக்கம் போயிருந்தது. அக்கா எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் குனிந்து, அவிழ்ந்த ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த அணியின் நெட்டைப் பெண் ஒருத்தி பந்தைத் தூர அனுப்ப ஓங்கி உதைத்தாள். அது நேராக வந்து அக்காவின் முதுகில் அறைந்து, எழும்பி, கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. யார் அடித்தது என்று அக்கா கோபமாகத் திரும்பிப் பார்ப்பதற்குள் பத்துப் பேர் அவள் மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா அழாத குறையாகச் சொன்னாள். "நான் பாக்கவே இல்லப்பா. அதுவா வந்து பட்டுச்சு."

"பாக்காமலே போட்டிருக்கியே, பாத்திருந்தா எத்தினி போட்டிருப்ப!" என்றார் அப்பா.

வீட்டு வாசலிலேயே பெரியப்பா நின்றிருந்தார். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டார். "எல்லாம் பந்து பின்னால ஓடிக்கினு இருக்குதுங்கண்ணா. இவ ஒருத்திதான் ஓடல. பந்து எங்க வரும்னு தெரிஞ்சவ எதுக்கு ஓடணும்? அங்கியே போய் நின்னுக்கினா."

"முதுகுலயா பட்டுச்சு?" என்றார் பெரியப்பா சந்தேகத்துடன்.

"கையில பட்டாத்தான் தப்புண்ணா. முதுகு செல்லும்."

பெரியப்பா அக்காவைக் கூடத்துக்கு நடுவே நிற்கச் சொன்னார். "எப்பிடி நின்ன, காட்டு." அக்கா வேறு வழியில்லாமல் குனிந்து நின்றாள். பெரியப்பா அவளைச் சுற்றி வந்தார். சட்டையின் முதுகில் பந்தின் வட்டம் சேறாகப் பதிந்திருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "வலிச்சுதாமா?" என்று கேட்டார். "இல்ல பெரியப்பா" என்றாள் அவள், குனிந்தபடியே.

"அடுத்த மேட்ச் எங்க?" என்றார் அப்பாவிடம்.

அடுத்த ஆட்டம் ஸ்ரீபெரும்புதூரில். பெரியப்பாவும் வந்தார். எங்கள் அணி நான்கு கோல் வாங்கித் தோற்றது. "அஞ்சாவது போட முடியலயே அவங்களால, பாத்தியாண்ணா" என்றார் அப்பா. பெரியப்பா அதைக் காதில் வாங்கவில்லை. நடுவரைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தார். அதன் பிறகு நிஜாரைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அக்கா கல்லூரி முடியும்வரை ஆடினாள். பார்த்துப் போட்ட கோல்கள் நிறைய.

ஆனால் வாலாஜாபாத்திலிருந்து வந்த மறுநாள் காலையில் எனக்கு வேறு கவலை இருந்தது. தறியில் ஓடும் பாவில் ஒரே ஒரு நூலிழை அறுந்தால் எழுந்து போகாமலே கண்டுபிடிக்கிற அப்பா, தன் மகள் லேஸ் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் போனது எப்படி? கிணற்றடியில் அம்மா அந்தச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் மெதுவாகச் சொன்னேன். "அம்மா, அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. கண்ணாடி வாங்கணும்."

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். சிரிக்கத் தொடங்கியவள், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள்.

"வேணாம்டி. உங்கப்பாவுக்கு நல்லாவே தெரியுது" என்றாள்.

பெரியவர்கள் செலவைத் தவிர்க்க இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் பள்ளிக்குப் புறப்பட்டேன்.