சாக்கு கட்டிய வகுப்பு

நெய்வேலிக்கு வந்த முதல் வருஷத்தில் நான் ஓயாமல் திட்டியது இரண்டைத்தான். ஒன்று என் வலது காது, இன்னொன்று அந்தப் பக்கத்துத் தமிழ். சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்து போனபோது வலது காதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இடது காதை வைத்துக்கொண்டே படித்தேன், டீச்சர் டிரெயினிங் முடித்தேன், கல்யாணமும் செய்துகொண்டேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரும் என்னைச் செவிடி என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

கணவருக்குச் சுரங்கத்தில் ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸ் புத்தம் புதிது. சிமெண்ட் தரை, கான்கிரீட் கூரை, சுண்ணாம்பு அடித்த வெற்றுச் சுவர். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், சமையல் பாத்திரங்கள். அவர் முன்னறையிலிருந்து பேசினால் அடுக்களையில் எனக்கு வெறும் முழக்கம்தான் வந்து சேரும்.

“ஏட்டி, எத்தன தடவ கூப்பிடுதேன்?” என்று எதிரில் வந்து நிற்பார்.

“வாய்க்குள்ளயே கூப்பிட்டா எப்படிக் கேக்கும்?” என்று பாய்வேன். பாய்ந்துவிட்டு, இருக்கிற ஒரு காதும் போகிறதோ என்று உள்ளுக்குள் நடுங்குவேன்.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் உண்டு. நகரியத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. டெம்பரரி வேலை. வருஷக் கடைசியில் தலைமையாசிரியை எழுதிக் கொடுப்பதைப் பொறுத்துத்தான் நீடிக்குமா, நிற்குமா என்பது. அப்பாவோடு சண்டை போட்டு வாங்கிய படிப்பு அது. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று வெறியாக இருந்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்லி, அது டீச்சருக்குக் கேட்கவில்லை என்று வெளியே தெரிந்தால் கதை முடிந்தது.

பள்ளிக்குக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை. ஊர் கட்டுகிற காலத்தில் இயந்திர சாமான்கள் அடுக்கி வைத்திருந்த நீளக் கொட்டகைகளைக் காலிசெய்து வகுப்பாக்கியிருந்தார்கள். உயரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நான்கு பக்கமும் பூசிய செங்கல் சுவர். வாயைத் திறந்தால் ஒரு சொல்லின் வால் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறி உட்காரும். முன் வரிசையில் ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள், வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். பின்னால் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள். பின் வரிசையில் கேள்வி கேட்டால் பதில் வராது. வந்தாலும் எனக்குப் புரியாது.

இதற்கு எங்கள் பள்ளியில் எல்லோரிடமும் ஒரே காரணம் தயாராக இருந்தது. நெய்வேலியில் எது நடந்தாலும் ஊர்ப் பாஷைமேல் பழி போடுவது வழக்கம். தெருவுக்கு ஏழு மாவட்டம் குடியிருந்த இடமல்லவா? மதுரை டீச்சருக்குக் கோயமுத்தூர்ப் பிள்ளைகள் இழுக்கிறார்கள் என்று குறை. கோயமுத்தூர் டீச்சருக்கு மதுரைப் பிள்ளைகள் கத்துகிறார்கள் என்று குறை. எங்கள் தலைமையாசிரியை தஞ்சாவூர்க்காரர். அவர் என்னைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார்: “உங்க திருநெல்வேலித் தமிழ் பின்னாடி இருக்குற புள்ளைங்களுக்குப் புரியல. மாத்திக்கப் பாருங்க. இல்லன்னா நான் என்ன எழுதுறது?”

நானும் மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் “எல்லாம் படிச்சிக்கினு இருங்க” என்று சொன்னதும் முன் வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பின் வரிசை அதற்கும் விழித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வார்த்தையை மென்று விழுங்குகிறார்கள் என்று நானும் என் பங்குக்குப் பழி போட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் இருந்தாள். அதே வகுப்பில் இரண்டாம் வருஷம். ‘மந்தம்’ என்று தலைமையாசிரியையே முத்திரை குத்தியிருந்தார். நான் பேசும்போது கரும்பலகையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டால் பதில் சொல்ல மாட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. துணி உலர்த்த இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, போர்வை, புடவை, அவருடைய கனத்த வேலை உடுப்பு எல்லாவற்றையும் தொங்கவிட்டேன். நடக்கத் தலையைக் குனிய வேண்டியிருந்தது. அன்று அடுக்களையில் நிற்கிறேன், “ரசத்துல உப்பு கூடிப் போச்சு” என்று முன்னறையிலிருந்து அவர் முணுமுணுத்தது அட்சரம் பிசகாமல் கேட்டது. உப்பைப் பற்றிய அவமானம்கூட உறைக்கவில்லை. காது சரியாகிவிட்டது! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவரை இழுத்துக்கொண்டு வடலூர் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

திரும்பியபோது வெயில் அடித்தது. துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். வைத்த கையோடு காது பழையபடி ஆகிவிட்டது. உட்கார்ந்து அழுதேன். அழுகை எனக்கே முழக்கமாகக் கேட்டது. அப்போதுதான் பொறி தட்டியது. எழுந்து கை தட்டினேன், அறை கணீரென்றது. பெட்டியிலிருந்த அத்தனை துணியையும் மறுபடி வாரித் தொங்கவிட்டுத் தட்டினேன். ‘பட்’ என்று அங்கேயே நின்றது. காதில் ஒன்றுமில்லை. வெறும் சுவரில் பட்டுத் திரும்பி வருகிற சத்தம்தான் புதுச் சத்தத்தைக் குழப்புகிறது, துணி அதைக் குடித்துவிடுகிறது. இரண்டு காதும் நன்றாக இருப்பவர் எப்படியோ சமாளித்துவிடுவார். எனக்கு அதற்கு வழியில்லை. வீட்டிலேயே இப்படியென்றால் அந்தக் கொட்டகை?

மறுநாள் வகுப்பு முடிந்ததும் கொட்டகையில் நின்று ஒரே ஒருமுறை கை தட்டினேன். அது கூரைக்குப் போய், சுவரெல்லாம் சுற்றி, நிதானமாகத் திரும்பி வந்தது.

பண்ருட்டிக்குப் பஸ் ஏறினேன். முந்திரி மண்டியில் கிழிந்த சாக்கெல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும்.

“இன்னாத்துக்கு டீச்சரம்மா இவ்ளோ சாக்கு? முந்திரி ஏவாரமா பண்ணப் போறீங்க?” என்று கடைக்காரர் சிரித்தார்.

“வகுப்புல கட்டணும்.”

“வகுப்புலயா? நல்லா அலசிட்டு கட்டுங்க. இல்லாட்டி எறும்பு வந்து பாடம் படிச்சிக்கினு இருக்கும்” என்றவர், கட்டுக் கட்டாகத் தூக்கி பஸ்மேல் போடவும் ஆள் அனுப்பினார்.

முதலில் சாக்குகளைச் சுவரில் ஒட்டினாற்போல் ஆணியடித்துப் பார்த்தேன். பெரிதாகப் பலனில்லை. வீட்டில் துணி எப்படித் தொங்கியது என்று யோசித்து, இரட்டையாக மடித்து, கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக அந்தரத்தில் தொங்கவிட்டேன். நானா தொங்கவிட்டேன்? ஏணி ஏறிக் கயிறு கட்டியது என் கணவர். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, வாயால் புலம்பிக்கொண்டே, ஃபிட்டர் வேலைக்கே உரிய கச்சிதத்தோடு கட்டி முடித்தார்.

திங்கட்கிழமை எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாரம் முழுவதும் கத்தியதன் பலன். மெதுவாகத்தான் பாடம் நடத்தினேன். பாதிப் பாடத்தில் கடைசி வரிசைப் பெண் எழுந்து நின்றாள். அவளாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

“டீச்சர், இன்னிக்கி ஏன் இவ்ளோ சத்தமா பேசிக்கினு இருக்கீங்க?”

அவள் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்குக் கேட்டது. அவள் ஒன்றையும் மென்று விழுங்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியமே தலைமையாசிரியை வந்துவிட்டார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இது வகுப்பா, முந்திரி மண்டியா? இன்ஸ்பெக்டர் வர்ற நேரத்துல என்னங்க இது கூத்து? சாயங்காலத்துக்குள்ள அவுத்துடுங்க.”

“இப்பவே அவுக்கிறேன் மேடம். நீங்க மட்டும் கடைசி வரிசையில உக்காந்து பாருங்க.”

என் குரலில் இருந்த உஷ்ணம் எனக்கே தெரிந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் பாடம் நடத்தினேன். தலையாட்டினார். பிறகு ஏணி போட்டுக் கயிறுகளை அவிழ்த்தேன். பிள்ளைகள் கும்மாளமாகச் சாக்குகளை வெளியே இழுத்துக்கொண்டு ஓடி, திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அதே இடத்தில் நின்று, அதே குரலில், மழைநீர் எங்கே போகிறது என்று அவரைப் பார்த்தே கேட்டேன்.

அவர் புருவத்தைச் சுருக்கினார். காதைச் சற்று முன்னால் நீட்டினார். காது நன்றாகக் கேட்கிற மனுஷி. “என்ன கேட்டீங்க?” என்று அவர் வாய் அசைந்தது.

பக்கத்தில் இருந்தவள் பெரிய டீச்சர் தடுமாறுவதைப் பொறுக்க முடியாமல் அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார்: “மழத்தண்ணி எங்க போவுதுன்னு கேக்குறாங்க. அவங்க வாயப் பாத்துக்கினே இருங்க பெரிய டீச்சர். ரெண்டு வார்த்த கெடைக்கும். மீதிய நாமளே சேத்துக்கணும். சேத்து முடிக்கிறதுக்குள்ள வேற கேள்வி கேட்டுடுவாங்க, அதான் கஷ்டம்.”

நான் ஆயுள் முழுவதும் செய்துவந்ததை, இரண்டு காதும் நல்லபடியாக இருந்த ஒரு குழந்தை இரண்டு வருஷமாக அந்த மூலையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்திருக்கிறாள். அதற்குத்தான் நாங்கள் மந்தம் என்று பெயர் வைத்திருந்தோம்.

தலைமையாசிரியை உடனே எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணின் தலையில் ஒரு கையை வைத்தபடி வெறும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து என் அருகில் வந்து, என் நல்ல காதுப் பக்கம் பார்த்து நின்றார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

“அதையெல்லாம் திரும்பக் கட்டச் சொல்லுங்க. மத்த கொட்டகைக்கும் வேணும். பண்ருட்டிக்கு மறுபடி எப்ப போறீங்க?”