செனன் மெட்டு

எங்கள் வெஸ்ட் கிளேர் பக்கத்தில் ஒரு மெட்டை யார் செய்தார் என்று எவரும் கேட்பதில்லை. யாரிடமிருந்து கிடைத்தது என்றுதான் கேட்பார்கள். கொடுத்தவர் பெயர் அதற்கு ஒட்டிக்கொள்ளும். டிம்ப்னா கான்சிடைனை அடித்துப்போட்டது இந்த வழக்கம்தான்.

பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. கன்சர்டினா என்கிற கைத்துருத்திப் பெட்டி வாசிப்பாள்; பக்கத்தில் நான் குழல். இருபத்திரண்டு வயதில், அம்மா இறந்த குளிர்காலத்தில், மெதுவாகப் போகும் ஒரு மெட்டைச் செய்தாள். வாழ்நாளில் அவள் செய்தது அது ஒன்றுதான். செனன் ஹெஹிருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவனைக் கட்டிக்கொள்ளப்போவதாக இருந்தாள். அவன் டப்ளினுக்குப் போய் அதை ஆட்டத்துக்கான வேக மெட்டாக்கி இசைத்தட்டில் வாசித்தான். வேறொருத்தியோடு திரும்பினான். ஊருக்கு அது ‘செனன் மெட்டு’.

போன வசந்தத்தில் அவன் மகள் ஓர்லா, தன் கல்யாணத்துக்கு மெட்டுகள் தேர்ந்தெடுக்க, நாங்கள் வாசிக்கும் மதுக்கடைக்கு வந்தாள்.

“சர்ச்சிலேர்ந்து வெளிய வரும்போது அப்பாவோட மெட்டு. நீங்கதான் வாசிக்கணும் டிம்ப்னா. இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்.”

“மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுக்கோடி” என்றேன். சிரித்தாள்.

டிம்ப்னா சிரிக்கவில்லை. அன்று மாலையே செனனைப் பிடித்தாள்.

“வாசிக்கிறேன். விருந்துல எழுந்து பேசுவியே, அப்ப அது என்னுதுன்னு சொல்லிடு. ஒரு தடவை போதும்.”

“இதுக்கா இத்தனை வருஷமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? சொல்றேன், போ.”

விருந்தில் செனன் கோப்பையோடு எழுந்தான். “அந்த மெட்டு என்னுது இல்லப்பா. டிம்ப்னாகிட்டேர்ந்து கிடைச்சுது.”

கைதட்டினார்கள். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் எங்கள் ஊர்க் காதில் அவளும் யாரிடமோ வாங்கியவள்தான்.

பின்மேசையிலிருந்து ஒருவர் கத்தினார்: “உனக்கு யார்கிட்டேர்ந்து டிம்ப்னா?”

டிம்ப்னா எழுந்து நின்றாள். “யார்கிட்டேர்ந்தும் இல்ல. நான்தான் செஞ்சேன்.”

“ஆமாமா, இந்த மாட்டுக்கறி வறுவலையும் நீதான் செஞ்சே!”

மண்டபமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் செனன் சிரித்தான். “அவ சொல்றது நிஜம்” என்றேன். அதற்குள் ஆட்டத்துக்காக நாற்காலிகளை இழுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஓர்லா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “உங்களுக்கு இவ்வளவு நக்கலா! அப்பாவோடதை இன்னொரு தடவை வாசிங்க, ஆடணும்.”

டிம்ப்னா பெட்டியை மடியில் வைத்தாள். செனனின் வேகத்திலேயே வாசித்தாள்.