இருபத்திரண்டு மணித்தியாலம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிபோல் எங்கள் பார்க்டேல் வீட்டின் கீழ்த்தளத்தில் தொலைபேசி அடித்தது. ஆறு பேருக்கு ஒரு தொலைபேசி. யாருக்கோ என்று எல்லோரும் போர்வைக்குள்ளேயே கிடக்க, நான் போய் எடுத்தேன். “மலர், உங்கட அண்ணை போயிட்டார்” என்றார் யோகா அக்கா. ஊரில் மூன்று அண்ணன்மாரை விட்டுவிட்டு வந்தவள் நான். எந்த அண்ணை என்று கேட்டேன். பிறகுதான் அவர் தன் கணவரைச் சொல்கிறார் என்று விளங்கியது. தொழிற்சாலையில் வேலை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில், வாங்குப் பலகையில் இருந்தபடியே சரிந்துவிட்டாராம் நல்லரெத்தினம் அண்ணை. வயது முப்பத்தாறு. என் மூன்று பேரில் ஒருவரும் இல்லை என்று எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அந்த வெட்கங்கெட்ட ஆறுதலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துக்கொண்டு இந்த அஞ்சலியை எழுத எனக்குக் கை வராது.

செத்தவீட்டுக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். தேநீர் குடித்துக்கொண்டு நின்ற இடத்தில் ஒருவர், “எங்கட கேஸ் ரெத்தினம் இப்பிடிப் போவார் எண்டு ஆர் கண்டது” என்றார். அன்போடுதான் சொன்னார். சுற்றி நின்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று வருடமாக அந்தப் பட்டப்பெயருக்கு நான் சிரித்துக்கொண்டுதான் வருகிறேன். பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர்மீது இல்லாத குற்றத்தைச் சுமத்திப் பொய்க்கேஸ் போட்டவர் என்பதால் வந்த பெயர் அது. அந்தக் கேஸ் என்னுடையது.

அவரை நான் முதன்முதல் கண்டது எண்பத்து மூன்று செப்டெம்பரில். ஆடி மாதத்தில் கொழும்பு எரிந்து, வீட்டிலிருந்து கடிதம் வருமா வராதா என்று தவித்துக்கொண்டிருந்த நாட்கள். இரசாயனத் துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தேன். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு ஆய்வுகூட வகுப்பு நடத்தி, அவர்களுடைய பிராக்டிகல் கொப்பிகளைத் திருத்த வேண்டும். ஆசிரிய உதவியாளர் என்பது அந்த வேலைக்குப் பெயர். அமிலப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு நின்றபோது, ஒரு கையில் பாதி கடித்த பாணும் சம்பலும், மறு கையில் ஓர் அட்டையுமாக ஒரு மனிதர் வந்தார். ஆய்வுகூடத்துக்குள் சாப்பிடக்கூடாது என்று நான் முகத்தைச் சுளித்தேன். “யாழ்ப்பாணமா?” என்று கேட்டார். ஓம் என்றேன். “அதுதான் பார்த்தேன். நான் மட்டக்களப்பு. இதில ஒரு கையெழுத்துப் போடு கா” என்று தன் ஊர்ப் பேச்சில் சொன்னார்.

தொழிற்சங்க அட்டை. அவரும் என்னைப்போல ஆராய்ச்சி மாணவர்தான், ஒரு வருடம் முந்தி வந்தவர்; அந்தத் துறைக்கு அவர்தான் சங்கப் பிரதிநிதி. எனக்கோ சங்கம் என்ற சொல்லே ஆகாது. என் அப்பா ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிளார்க். எண்பதாம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் சேர்ந்த குற்றத்துக்கு வேலை போனது, போனதுதான். அட்டையை வெள்ளைக் கோட்டின் பைக்குள் போட்டேன். கோட்டைத் தோய்த்தபோது அட்டையும் தோய்ந்து கூழாகிவிட்டது. இன்னொன்று தந்தார். அதையும் தோய்த்தேன், இம்முறை வேண்டுமென்றே. மூன்றாவதைக் கொண்டுவந்தபோது, “இதையும் கழுவப்போறியா? எனக்கு அட்டை இரிக்கு, உனக்குக் கோட்டு ஒண்டுதான்” என்றார். கையெழுத்துப் போட்டேன். சங்கத்தின்மேல் வந்த பற்றினால் அல்ல, அந்த மனிதரின் கரைச்சல் தாங்காமல்.

அவரை இப்போது தெய்வமாக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கே போனாலும் சுணங்கித்தான் வருவார். கோபம் மூக்கின் நுனியில் நிற்கும். ஒருமுறை பேச்சோடு பேச்சாக, “உந்தச் சங்கத்தாலை எங்களுக்கு என்ன கிடைச்சது?” என்று கேட்டுவிட்டேன். இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் மாதம் யோகா அக்கா சமைத்த இறால் கறியை ஒரு பெட்டியில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதோடு கோபம் தீர்ந்தது.

இனி நான் விழுந்த பொறியைச் சொல்ல வேண்டும்.

என்னுடைய ஒப்பந்தம் கிழமைக்குப் பத்து மணித்தியாலம். ஒரு வகுப்பு, அதன் கொப்பிகள், கொஞ்சம் ஆயத்தம். எண்பத்தைந்து செப்டெம்பரில் பேராசிரியர் இரண்டு வகுப்புத் தந்தார். இன்னொரு மாணவர் விலகிப் போனதும் மூன்றாவதையும் தந்தார். “உன்னைப்போல வேகமானவள் இங்கே யாரும் இல்லை” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் ஆராய்ச்சிக்கும் அவர்தான் பொறுப்பு. ஒவ்வொரு டிசம்பரிலும் என் மாணவர் விசா முடியும். அதைப் புதுப்பிக்க, இவளுடைய ஆராய்ச்சி நன்றாக முன்னேறுகிறது என்று அவர் நவம்பரில் கடிதம் தரவேண்டும். கொப்பி திருத்தினால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. ஆராய்ச்சி நகராவிட்டால் கடிதமில்லை. கொப்பி வேண்டாம் என்றாலும் கடிதமில்லை என்றே நான் நம்பினேன். கடிதமில்லாவிட்டால் எங்கே போவது? ஊருக்கா? அகதி என்று எழுதிக் கொடுத்தால் விசாவும் போய்ப் படிப்பும் போகும் என்று வீட்டில் ஆளுக்கு ஆள் பயமுறுத்தினார்கள். அந்த மாதங்களில் நான் மூச்சை உள்ளே இழுத்தது நினைவிருக்கிறது, வெளியே விட்டது நினைவில்லை.

இதற்குள் நான் செய்த மடைத்தனம் ஒன்று உண்டு. எங்கள் பள்ளிக்கூடங்களில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த பெண்கள் மட்டுமே செய்யக்கூடிய மடைத்தனம். எத்தனை மணித்தியாலம் வேலை செய்தோம் என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். மற்ற மாணவர்கள் உள்ளதை எழுதினார்கள். நான் பத்து என்று எழுதினேன். பத்து மணித்தியால வேலைக்கு இருபது மணித்தியாலம் எடுத்தேன் என்று எழுதினால், இவள் மந்தம் என்றல்லவா நினைப்பார்கள்! தாளைக் கண்டதும் பரீட்சைத் தாள் என்றே நினைத்துக்கொள்ளும் புத்தி. வேலை கூடிக்கொண்டு போகப் போக, பத்து என்ற எழுத்தை இன்னும் அழகாக எழுதினேன்.

அண்ணைக்கு அது ஒருநாள் மத்தியானம் பிடிபட்டது. என் மேசையில் கொப்பிகள் மூன்று அடுக்காக இருந்தன. “இது எல்லாம் உன்டயா?” என்று கேட்டார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மணிக்கூட்டைக் கழற்றி வைத்து, “ஒண்டைத் திருத்து பாப்பம்” என்றார். திருத்தினேன். பதினொரு நிமிடம். எழுபத்திரண்டு கொப்பி. பக்கத்தில் கிடந்த, கரைசல் வடிக்கும் வட்டமான வடிதாள் ஒன்றை எடுத்து, அந்த வட்டத்துக்குள் பென்சிலால் பெருக்கினார். கொப்பிக்குப் பதின்மூன்று, மூன்று வகுப்புக்கு ஒன்பது. கீழே இருபத்திரண்டு என்று எழுதி இரண்டு கோடு போட்டார். “தாளில எவ்வளவு எழுதின நீ?” என்றார். சொன்னேன். பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னார்: “நீ சுணங்கிறாய் எண்டு வெட்கப்படுறாய். வேலை கூட எண்டு உனக்குக் கோவம் வரல்லயா?”

எனக்கு அழுகைதான் வந்தது. முறைப்பாடு கொடுப்போம் என்றார். கடிதம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். “கடிதம் வந்தா அடுத்த வருசக் கடிதம் இரிக்கும். அதுக்குப் பிறகு அதுக்கடுத்தது” என்றார். அது சரியென்று எனக்கும் தெரிந்தது. ஓம் என்று தலையாட்டினேன். அவர் சங்கத்தின் பெயரில் முறைப்பாட்டை எழுதிக் கீழே பிரதிநிதி என்று தன் கையெழுத்தை வைத்துக் கொடுத்தார்.

நவம்பர் கடைசியில் துறைத் தலைவரின் அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் ஜன்னலோரம் இருந்தார். யாரும் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எனக்கு ரோசம் வந்திருக்கும். துறைத் தலைவர் என் தாள்களை அடுக்காக முன்னால் வைத்து, “எல்லாவற்றிலும் பத்து என்றிருக்கிறது. இது உன் கையெழுத்துத்தானே? இவற்றில் எழுதியது பொய்யா?” என்று மெதுவாகக் கேட்டார். பொய் என்றால், கிழமைக்குக் கிழமை பொய்க்குக் கையெழுத்து வைத்தவள் நான். உண்மை என்றால், பக்கத்தில் இருக்கும் அண்ணை பொய்யர். பேராசிரியர் என்னைப் பார்க்கவில்லை, தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடக் கடிதம் இன்னும் வந்திருக்கவில்லை. “பத்து மணித்தியாலம்தான். இவர் பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டார்” என்றேன். இரண்டாவது வசனத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

அண்ணை தன் தாள்களைத் தட்டி ஒழுங்காக்கிப் பைக்குள் வைத்தார். வெளியே நடைபாதையில் பேச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்த்து, “இனிக் கடிதம் வருமா?” என்று கேட்டார். வரும் என்றேன். “அப்ப சரி. வெளியில குளிர், தொப்பியப் போடு கா” என்றார். மூக்கு நுனியில் கோபம் வைத்திருந்த மனிதர் அன்றைக்கு அதை எங்கே ஒளித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடிதம் ஒரு கிழமையில் வந்தது. முறைப்பாடு தள்ளுபடியானது. ஆனால் ஜனவரியில் வகுப்புப் பங்கீடு ஒட்டியபோது ஒருவருக்கும் மூன்று வகுப்பு இல்லை. எனக்கு ஒன்றுதான். யாரும் எதுவும் விளக்கவில்லை. தோற்றுப்போன அவருடைய கேஸின் நிழலில் இருந்துதான் என் ஆராய்ச்சியைச் செய்தேன். அவருக்கு அடுத்த செப்டெம்பரில் வேலை தரவில்லை. ஆராய்ச்சி மாணவருக்கு உள்ள நாலு வருட வேலை உத்தரவாதம் முடிந்துவிட்டது என்றார்கள். விதியில் அப்படித்தான் இருந்தது, மற்றவர்களுடைய விடயத்தில் அந்த விதி யாருக்கும் நினைவு வந்ததில்லை. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு, ஸ்காபரோவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். ஊர்வாய் சும்மா இருக்குமா? கேஸ் ரெத்தினம் என்றது. அந்தப் பிள்ளையின் பெயரையும் இழுத்துவிட்டாரே என்று எனக்காகப் பரிதாபப்பட்டவர்களும் உண்டு. அவர் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். யோகா அக்காவிடம்கூடச் சொல்லவில்லை என்பது செத்தவீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. “உங்கள அவருக்கு நல்ல விருப்பம், அந்தப் பிழையால உங்களுக்குக் கரைச்சல் வந்திட்டுதெண்டு கவலைப்பட்டிருப்பார்” என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தக் கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசியாக அவரைக் கண்டது இந்தக் கோடையில், அஜின்கோர்ட்டில் ஒரு கடையில். முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக் கடைக்காரருடன் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சண்டையை விட்டுவிட்டு, “இப்ப எத்தனை மணித்தியாலம்?” என்று கேட்டார். பத்து என்றேன். “மெய்யாவா?” என்றார். “மெய்யாத்தான் அண்ணை” என்றேன். “அப்ப கேஸ் வெண்டிட்டம்” என்று பெரிதாகச் சிரித்தார். அன்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

ஆகவே, அவரை அறிந்தவர்களே, நல்லரெத்தினம் போட்டது பொய்க்கேஸ் அல்ல. பொய் சொன்னது நான். தமிழில் எழுதினால் பேராசிரியருக்கு விளங்காது என்ற துணிவில்தான் இதை எழுதத் தொடங்கினேன். பாதியில் பேனையை வைத்துவிட்டேன். அண்ணைக்குப் பூவைப் போட்டுவிட்டுப் பேராசிரியருக்கு ஒளித்துக்கொள்வதா? போன வியாழக்கிழமை இதையே ஆங்கிலத்தில் எழுதி, சங்கத்தில் ஒன்றும் துறை அலுவலகத்தில் ஒன்றுமாகக் கொடுத்தேன். அதற்கும் முதல் யோகா அக்காவின் வீட்டுக்குப் போய் அவருக்குச் சொன்னேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். தேநீர் போட்டுத் தந்தார், தான் குடிக்கவில்லை.

மீண்டும் நவம்பர் வந்துவிட்டது. ஆராய்ச்சியில் எனக்கு இன்னும் ஓர் அத்தியாயம் இருக்கிறது, விசாவில் ஐந்து கிழமை இருக்கிறது. இந்த வருடக் கடிதம் இன்னும் வரவில்லை. அலுவலகப் பெட்டியை ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கிறேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு வடிதாள். ஓரம் மஞ்சளாகிவிட்டது, பென்சில் மட்டும் அழியவில்லை. நேற்று அதை மேசையில் விரித்து, மூன்று வருடம் பிந்தி, அவருடைய கணக்கை ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். சரி. எல்லாம் சரி. கீழே சிவப்பு மையால் சரி அடையாளம் போட்டு, என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.