தண்ணீரோடு அமுங்கிய பீக்

காந்தத்து அக்கா என்றால் அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரிய காந்தத்தால் மூலக்கூறுகளை ஆராயும் என்.எம்.ஆர். கருவியை ஓட்டுபவள். கரைசலில் இருக்கும் தண்ணீர், அந்தக் கருவி வரைந்து தரும் ஸ்பெக்ட்ரம் படத்தில் மலைபோல் எழுந்து, மற்ற ஹைட்ரஜன்களைக் காட்டும் பீக்குகளை, அந்தச் சின்ன முகடுகளை, மறைத்துவிடும். அதை அடக்குவதில் அவள் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இன்று அவள் காலை வாரியது.

ப்ரீசாட் என்ற முறையில், அளப்பதற்கு முன்பே தண்ணீரை ரேடியோ அலையால் அடித்து வாயடைத்துவிடலாம். வாட்டர்கேட் என்ற இன்னொரு முறையில் முன்கூட்டிச் சீண்டாமல், அளக்கும் நேரத்தில் மட்டும் ஓரங்கட்டலாம். அவளுக்குக் கை பழகியது ப்ரீசாட். படம் பளிச்சென்று வரும். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. எது மேல் என்று ஒப்பிடச் சொல்லி மேலிடம் கேட்டதால், அலமாரியில் கிடந்த பழைய கரைசல் குழாய் ஒன்றை எடுத்து இரண்டு விதமாகவும் ஓட்டினாள்.

ப்ரீசாட்டில் இல்லாத பீக் ஒன்று வாட்டர்கேட்டில் ஜம்மென்று நின்றது.

நைட்ரஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் அது. சும்மா இருக்காது, தண்ணீரின் ஹைட்ரஜனோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். தண்ணீரை முதலிலேயே அடித்துப் போட்டால் இதற்கும் சேர்த்து அடி விழுந்து பீக் காணாமல் போகும். அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் கோட்டைவிட்டதுதான் சுட்டது.

குழாய் எதிர் அறை ஆராய்ச்சிக்காரனுடையது. இரண்டு மூலக்கூறுத் துண்டுகளை ஒட்டவைக்க வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினான். ஒட்டியதற்குச் சாட்சியே அந்த பீக்தான். அப்போது ப்ரீசாட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் காணோமே தம்பி" என்று உதட்டைப் பிதுக்கியவள் இவள். அவனுடைய பேராசிரியர் கைவிரித்தார். அவனும் வேறு வேலை தேடிக்கொண்டான். இன்று அவனுக்கு இங்கே கடைசி நாள்.

படங்களோடு ஓடினாள். அவன் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, உன் பீக் இருக்கு. நான்தான் தண்ணியோட சேர்த்து அமுக்கிட்டேன். தப்பு என்னோடது."

ஏசுவான் என்று நின்றாள். ஏசினால் தேவலை என்றும் இருந்தது. அவன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நான் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கேனா அக்கா?"

"ஒழுங்காத்தான்ப்பா. பேராசிரியர்கிட்ட நானே வந்து சொல்றேன், இரு."

"நாளைக்குப் புது வேலையில சேரணும்க்கா. வாக்குக் கொடுத்துட்டேன். இதை நான் எடுத்துக்கட்டுமா? எனக்கு இந்த ஆராய்ச்சி வேலை வராதுன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

ஒட்டிய டேப்பைக் கிழித்தான். படத்தை மடங்காமல் உள்ளே வைத்தான். மூடி எழும்பி எழும்பி வந்தது.

அக்கா இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அவன் மறுபடி ஒட்டி முடிக்கும் வரை.