கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற குப்புசாமி நாயுடு

செவ்வாய்க்கிழமை பாங்கு திறந்ததும் குப்புசாமி நாயுடுவின் பஸ் கண்டக்டர் உள்ளே வந்தான். வழக்கமாக முந்தின நாள் வசூலைப் பையில் போட்டுக் கொண்டுவருவான். அன்று வெறுங்கையோடு வந்து என் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நாயுடு நைனா பூட்டாருங்க. விடியக்காலைல, தூக்கத்துலயே" என்றான்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தூக்கத்திலா? அந்த மனிதர் ஓரிடத்தில் அடங்கிக் கிடந்ததை யார் பார்த்தார்கள்? அன்று முழுவதும் கூட்டல் தப்பிக்கொண்டே போயிற்று. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் தலையை நிமிர்த்தினேன். இதை எழுத உட்கார்ந்தும் இரண்டு தடவை எழுந்து போய் வந்துவிட்டேன்.

திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவே அவர் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரும் அவர் வாயில் விழுந்திருப்பீர்கள். ஆனால் அவர் வாய்க்கு முழுத் தீனி போட்டது எங்கள் பாங்குதான். வாடிக்கைக்காரர்களுக்கென்று ஒரு பெஞ்சு போட்டிருந்தோம். அவர் அதில் உட்கார்ந்ததே இல்லை. கிளைக்குத் தலைவரான ஏஜெண்டு கையெழுத்துப் போட்டால்தான் பணம் கிடைக்கும். ஒரு நாள் நானே எழுந்து, "உட்காருங்கள், ஏஜெண்டு இன்னும் கையெழுத்துப் போடவில்லை" என்றேன். "உக்காந்துகினா மறந்துடுவீங்கய்யா. நின்னுகினே இருந்தாத்தான் உங்களுக்கு உறுத்தும்" என்றார். உறுத்தத்தான் செய்தது.

கவுண்டரில் இருந்த மசிக்கூடு எப்போதும் காய்ந்தே கிடக்கும். ஒரு நாள் அவர் வீட்டிலிருந்து ஒரு புட்டி மசி கொண்டுவந்து டக்கென்று வைத்தார். "இது என் காசுல வாங்கினது. இதுக்கும் கமிஷன் புடிப்பீங்களா?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏஜெண்டு சிரிக்கவில்லை. புட்டியை எடுத்துப் போகச் சொன்னார். நாயுடு போனார், புட்டி இருந்தது. அதில்தான் நான் ஒரு மாதம் எழுதினேன்.

கிழிந்த நோட்டைத் தள்ளினால் சண்டை. பாஸ்புத்தகம் பதிவாகித் திரும்ப நாளானால் சண்டை. ஏஜெண்டு பதினொரு மணிக்குத் தாசில்தார் வீட்டுப் பக்கம் போய்விட்டால் பெரிய சண்டை. "உங்க பணத்தக் கேக்கலய்யா, எங்க பணத்தத்தான் கேக்கறோம்" என்பார். அவர் சொன்னது நியாயம். ஆகையால் அவர் வந்தாலே எங்களுக்கு எரிச்சல் வரும்.

யுத்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது பட்டணத்தில் ஏதோ ஒரு பாங்கு கதவடைத்த பேச்சு இங்கே இன்னும் ஓயவில்லை. ஒரு நாள் காலையில் கங்கம்மா என்ற பெண் ஓடிவந்தாள். அவள் புருஷன் அரக்கோணம் ரயில்வேயில் வேலை செய்தபோது அடிபட்டு இறந்தவன். அதற்குக் கிடைத்த பணம் எங்களிடம் இருந்தது. மகளுக்கு வயிற்றில் கட்டி உடைந்துவிடும் போலிருக்கிறது, இன்றைக்கே வேலூருக்குக் கொண்டுபோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெண்ணை ஸ்டேஷனில் தன் தம்பி மடியில் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தாள். பணம் எடுக்கும் சீட்டை வாங்கிக்கொண்டு, வழக்கப்படி பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுத்தோம். அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் பணம். ஏஜெண்டு வெளியே போயிருந்தார்.

அவளால் உட்கார முடியவில்லை. மலையடிவாரம் வரை போய், முந்தானை முடிச்சை அவிழ்த்து, இருந்த சில்லறையையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு முருகன் உண்டியலில் கொட்டிவிட்டு வந்தாள். அதே முடிச்சில் இருந்த டோக்கனும் சில்லறையோடு சேர்ந்து போய்விட்டது. உண்டியலில் விழுந்தது சுவாமிக்குச் சொந்தம். எண்ணுகிற நாள்வரை யாரும் திறக்க மாட்டார்கள்.

ஏஜெண்டு வந்தார். "டோக்கன் இல்லாமல் பணம் தர முடியாது. மனு எழுதிக்கொடு, ஹெட் ஆபீஸுக்கு அனுப்புகிறேன்" என்றார்.

"என்னத் தெரியாதுங்களா சாமி? நான்தானே சீட்டு குடுத்தேன்! கொழந்த அங்க துடிச்சுகினு கீதுங்க!"

"தெரியும் அம்மா. சட்டம் அப்படி."

நாயுடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. என்னைப் பார்த்து, ஆனால் பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "என் கணக்குல இருக்கறத எல்லாம் எடுத்துக் குடுப்பா. இப்பவே. தெரிஞ்ச பொம்பளைக்கே பணம் இல்லன்ற எடத்துல என் பணம் எதுக்கு?" என்றார்.

பெஞ்சு காலியாயிற்று. எல்லோரும் எழுந்து கவுண்டரை நெருங்கினார்கள். ஒருவர் வெளியே நின்ற தன் தம்பியையும் பணம் எடுக்க உள்ளே கூப்பிட்டார்.

அவர் கணக்கில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸைக் கரிவாயுவில் ஓட்டும் அடுப்பு மாட்டுவதற்காக, முந்தின வாரம்தான் வழித்துத் துடைத்து எடுத்துப் போயிருந்தார். நோட்டை எண்ணிக் கொடுத்தவனே நான். மிச்சம் இருந்தது ஒரு டயர் வாங்கக்கூடக் காணாது. அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

ஏஜெண்டின் நெற்றியில் வேர்வை. என் காதருகே குனிந்து, "எவ்வளவு இருக்கும் அவருக்கு?" என்றார்.

"பெரிய தொகை சார். இன்றைய கையிருப்பு தாங்காது" என்றேன்.

கணக்கைப் புரட்டிப் பார்க்க அவருக்கு நிதானம் இல்லை. நாயுடுவிடம் ஜாமீன் கையெழுத்து வாங்கிக்கொண்டு கங்கம்மாவுக்குப் பணம் கொடுக்கச் சொன்னார். அவள் ரயிலைப் பிடித்தாள். நாயுடு பணம் எடுக்காமலே போனார்.

மறுநாள் வதந்தி கேட்டு நாலைந்து பேர் பணத்தைத் திரும்ப வாங்க வந்தார்கள். அவர்களை வாசலிலேயே மறித்தவரும் அவர்தான். "ஆங், பாங்கு நல்லாத்தான்யா கீது. மரியாததான் இல்ல. போங்க வூட்டுக்கு" என்று விரட்டினார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் பேனா முள் உடைந்திருக்கிறது என்று என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

அவர் சாவுக்குப் போயிருந்தேன். கங்கம்மா மகளோடு வந்திருந்தாள். அந்தப் பெண் இப்போது தாயைவிட உயரம். அழுது சிவந்த கண்ணோடு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "நீங்க அவருக்கு இன்னா வேணுங்க?" என்று கேட்டாள்.

உறவில்லை. சிநேகிதன் என்று சொல்லவும் முடியாது. ஒரு நாள்கூட நாங்கள் நல்லவிதமாகப் பேசிக்கொண்டதில்லை. "வாரா வாரம் வந்து அவர் சண்டை போடுவாரே, அது என்கிட்டதாம்மா" என்றேன். அவருடைய பஸ் பிள்ளைகளுக்கு, வீடு மனைவிக்கு. அந்தச் சண்டை எனக்கு; அதை நான் யாருக்கும் தர மாட்டேன்.